ரோமானியக் காசில் கட்டடம்: தூண்களை எண்ணுவதற்கு முன்

கோயில் முகப்பு பொறித்த ரோமானியக் காசு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தூண்களைத்தான் எண்ணுவார்கள். நான்கா, ஆறா, எட்டா என்று எண்ணிவிட்டு, அத்தனை தூணுள்ள கோயில் ரோமில் எது என்று தேடத் தொடங்குவார்கள். பெரும்பாலும் தப்பான கோயில் வாசலில் போய் நிற்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கேப்பிட்டோல் குன்றின் மேல் இருந்த ஜூப்பிட்டர் கோயிலுக்கு முகப்பில் ஆறு தூண்கள். கி.மு. 78இல் வோல்டெயஸ் என்ற நாணய அதிகாரி அடித்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசில் அதே கோயிலுக்கு நான்கு. கி.பி. 70களில் பேரரசர் வெஸ்பாசியன் அடித்த பெரிய பித்தளைக் காசில் ஆறு. 82இல் அவர் மகன் டொமிஷியன் ஆசிய மாகாணத்துக்காக அடித்த வெள்ளிக் காசில் மறுபடியும் நான்கு. கோயில் இடையில் சுருங்கிப் போகவில்லை. அச்சு வெட்டுகிறவனுக்குக் கிடைத்தது இரண்டு சென்டிமீட்டர் அகல வட்டம். நடுவில் சாமி சிலை தெரிய இடம் வேண்டும் என்றால், இரண்டு தூண்களைத் தூக்கிவிடுவான். பார்க்கிறவனுக்கு அது கோயில் என்றும் எந்தச் சாமி என்றும் தெரிந்தால் போதும் என்பது அவன் கணக்கு.

ஆகவே தூண் கடைசியில். அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கையில் வேண்டியவை

நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. மில்லிமீட்டர் அளக்க ஒரு காலிப்பர். இரும்பு முனை காசைக் கீறும் என்பதால் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். திசை மாற்றக்கூடிய ஒரு மேசை விளக்கு. கீழே விரிக்க மெத்தென்ற துணி.

விளக்கை அலட்சியப்படுத்த வேண்டாம். தேய்ந்த காசை நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பார்த்தால் கட்டடம் மொத்தமும் ஒரு மேடு போலத்தான் தெரியும். விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்துவிட்டுக் காசை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் தூண்கள் எழும், இன்னொரு கோணத்தில் எழுத்து எழும். இரண்டும் ஒரே கோணத்தில் தெரிவது அபூர்வம். அதனால் படம் எடுத்தாலும் குறைந்தது மூன்று திசை வெளிச்சத்தில் எடுங்கள்.

காசை விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். முகத்தில் விரல் படக் கூடாது.

முதல் படி: நிறுத்து, அளந்து, எந்த வகைக் காசு என்று முடிவு செய்வது

கட்டடக் காசுகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது இவற்றைத்தான். தெனாரியஸ் வெள்ளி, 18 முதல் 20 மில்லிமீட்டர், அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய 3.8 கிராம், நீரோ கி.பி. 64 வாக்கில் எடையைக் குறைத்த பிறகு 3.4க்குப் பக்கம். செஸ்டெர்ஷியஸ் பித்தளை, 32 முதல் 35 மில்லிமீட்டர், நல்ல காலத்தில் 25 கிராம். துபாண்டியஸும் ஆஸும் நடுத்தர அளவு, 26 முதல் 29 மில்லிமீட்டர். முன்னது பெரும்பாலும் பித்தளை, பின்னது செம்பு. நான்கு ஆஸ் ஒரு செஸ்டெர்ஷியஸ், நான்கு செஸ்டெர்ஷியஸ் ஒரு தெனாரியஸ், இருபத்தைந்து தெனாரியஸ் ஒரு தங்க ஆரியஸ்.

மூன்றாம் நூற்றாண்டில், பேரரசர் தலையில் கதிர் கதிராக முடி சூடிய அந்தோனினியானஸ் என்ற காசு வருகிறது. 21, 22 மில்லிமீட்டர், நான்கு கிராம் அளவு. வெள்ளி என்று பெயர், போகப் போகச் செம்புதான் மிகுதி. நான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் செம்புக் காசுகள் 25 மில்லிமீட்டரில் தொடங்கி, கான்ஸ்டன்டைன் காலத்தில் 18 முதல் 20 மில்லிமீட்டர், மூன்று கிராம் என்று சுருங்கிவிடுகின்றன.

இந்த அளவுகளை முதலில் குறித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பெரிய செஸ்டெர்ஷியஸில் மட்டும் வரும் கட்டடம் 19 மில்லிமீட்டர் காசில் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், தப்பு உங்கள் கண்ணிலோ காசிலோ இருக்கிறது.

இரண்டாம் படி: தலைப்பக்கத்தைப் பார்த்து ஆளையும் ஆண்டையும் பிடிப்பது

கட்டடத்தைத் திருப்பிவைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள். முகம், அதைச் சுற்றிய எழுத்து, பட்டங்கள். லத்தீனில் உ ஒலிக்கும் வ ஒலிக்கும் ஒரே எழுத்து: வி வடிவம். அதனால் பேரரசர் பட்டமான அகஸ்டஸின் சுருக்கம் ஏ, வி, ஜி என்று இருக்கும். ஜி ஒன்றானால் ஆட்சியில் ஒரு அகஸ்டஸ். ஜி இரண்டானால் இருவர். இந்த ஒரு எழுத்து பல சிக்கல்களைத் தீர்த்துவிடும்.

சி, ஓ, எஸ் என்ற மூன்று எழுத்தும் அதன் பின் எண்ணும் வந்தால், அவர் எத்தனையாவது முறை கான்சல் என்ற உயர் பதவியில் இருக்கிறார் என்று பொருள். ஆண்டு கணிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. டிராஜன் காசில் ஐந்து என்றால் 103க்கும் 111க்கும் இடையில். ஆறு என்றால் 112 முதல் 117 வரை. அந்தோனினஸ் பயஸ் காசில் நான்கு என்றால் 145க்குப் பிறகு. நான்கை ரோமானியர் காசில் பெரும்பாலும் நான்கு கோடுகளாகவே எழுதுவார்கள். கடைசிக் கோடு தேய்ந்துபோனால் மூன்று என்று படித்து ஆண்டைத் தவறவிடுவது புதியவர்களுக்கு வாடிக்கை. எண்ணுக்குப் பின் இருக்கும் வெற்றிடத்தின் அகலத்தையும் பாருங்கள்.

நீரோவின் செம்பு, பித்தளைக் காசுகளில் கழுத்து முனையைக் கவனியுங்கள். அங்கே சின்ன உருண்டை ஒன்று தொங்கினால் அடித்த இடம் லுக்தூனும், அதாவது இன்றைய பிரான்சின் லியோன். உருண்டை இல்லாவிட்டால் பெரும்பாலும் ரோம்.

பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலக் காசுகளில் பேரரசர் முகம் கிடையாது. தெய்வத்தின் தலையோ முன்னோர் தலையோ இருக்கும். அங்கே தேட வேண்டியது அடித்த அதிகாரியின் பெயர். அந்தக் காலத்தில் காசில் வரும் கட்டடம் பெரும்பாலும் அந்த அதிகாரியின் குடும்பப் பெருமை. கி.மு. 61இல் லெபிடஸ் அடித்த தெனாரியஸில் பசிலிக்கா ஏமிலியா என்ற பெரிய பொது மண்டபம் வருவது அவர் குலம் அதைப் பராமரித்ததால். கி.மு. 56இல் மார்சியஸ் பிலிப்பஸ் காசில் நீர்க்கால்வாயின் வளைவுகள் மேல் குதிரை வீரன் சிலை நிற்பது, மார்சியா கால்வாய் அந்தக் குலத்தின் பெயரைத் தாங்குவதால். அதிகாரியின் பெயரைப் பிடித்தால் கட்டடம் பாதி தானாக வந்துவிடும்.

மூன்றாம் படி: கட்டடப் பக்கத்து எழுத்தைப் படிப்பது

தூணைவிட எழுத்து மேல் என்பது இந்தத் துறையில் மாறாத விதி. ரோமானியர் தாங்கள் கட்டியதைப் பெயர் சொல்லி எழுதத் தயங்கவில்லை. டிராஜன் கட்டிய மன்றத்தை, அதாவது பொதுச் சதுக்கத்தைக் காட்டும் தங்கக் காசில் அடியில் போரும் டிராயான் என்றே இருக்கிறது. பசிலிக்கா உல்பியாவுக்கும் அப்படியே. நீரோவின் பெரிய சந்தைக் கட்டடத்துக்கு எம், ஏ, சி என்ற சுருக்கம். துறைமுகத்துக்குப் போர் ஒஸ்த் என்ற சுருக்கம், ஒஸ்தியா துறைமுகம்.

எழுத்து மூன்று இடங்களில் இருக்கலாம். விளிம்பைச் சுற்றி, கட்டடம் நிற்கும் தரைக்கோட்டுக்குக் கீழே பிறை போல மிஞ்சும் இடத்தில், சில சமயம் கட்டடத்தின் உத்தரத்தின் மேலேயே. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கி.மு. 36இல் ஆக்டேவியன் (பின்னாளில் அகஸ்டஸ்) அடித்த காசில் தூண்களுக்கு மேலே ஓடும் உத்தரத்தில் 'திவோ இயூல்' என்று பொடியாக வெட்டியிருக்கிறது: தெய்வமான ஜூலியஸுக்கு. லென்ஸ் இல்லாமல் அது வெறும் பல்வரிசை போலத் தெரியும்.

எஸ், சி என்ற இரண்டு பெரிய எழுத்து கட்டடத்தின் இருபுறமும் நின்றால் அதைக் கட்டடத்தின் பெயர் என்று நினைக்க வேண்டாம். செனட்டின் தீர்மானப்படி அடித்தது என்பதே பொருள். செம்பு, பித்தளைக் காசுகளில் மூன்றாம் நூற்றாண்டு வரை எங்கும் வரும்.

எழுத்து முழுதாக இல்லாதபோது இருக்கும் எழுத்துகளை அவற்றின் இடத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகார முகத்தை மனதில் வைத்து, "7 மணியில் ஆர், 8 மணியில் ஓ" என்று எழுதலாம். ஒரு சொல்லில் இரண்டு எழுத்தும் அவை நிற்கும் இடமும் தெரிந்தால், பட்டியலில் பொருந்துவது இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

நான்காம் படி: கட்டடத்தைக் கீழிருந்து மேலே படிப்பது

இப்போது கட்டடத்துக்கு வரலாம். நம்மூர்க் கோயிலை அதிட்டானத்தில் தொடங்கிச் சிகரம் வரை பார்ப்பது போல, இதையும் கீழிருந்து மேலே போங்கள்.

அடியில் மேடையும் படிகளும். படி எத்தனை என்பதைவிட, படிக்கு முன் என்ன இருக்கிறது என்பது முக்கியம்: பலிபீடமா, வேலியா, இருபக்கமும் சிலைகளா? அந்தோனினஸ் பயஸின் மனைவி, இறந்த பின் தெய்வமாக்கப்பட்ட ஃபாஸ்டினாவின் கோயில் காசுகள் சிலவற்றில் படிக்கு முன் ஒரு வேலி தெரியும். அந்தக் கோயில் இன்றும் ரோமன் மன்றத்தில் நிற்கிறது. தூண்களுக்குப் பின்னால் பிற்காலத்தில் சான் லொரென்சோ தேவாலயம் புகுந்துகொண்டது. காசில் ஆறு தூண், நேரிலும் ஆறு. இப்படிப் பொருந்துவதும் உண்டு.

அடுத்து தூண்களுக்கு நடுவே. நடு இடைவெளி மற்றவற்றைவிட அகலமாக இருந்தால் அதில் சிலை இருக்கும் அல்லது இருந்து தேய்ந்திருக்கும். உண்மையில் அந்தச் சிலை கருவறைக்குள் இருட்டில் இருந்தது. காசில் அதை முகப்புக்கு இழுத்து வந்து நிறுத்திவிடுவார்கள். தூண்களைவிட இந்தச் சிலை பல மடங்கு நம்பகமான சாட்சி. உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா? கையில் ஈட்டியா, செங்கோலா, இடிப்படையா? மூன்று சிலைகள் வரிசையாக இருந்தால் ஜூப்பிட்டர், ஜூனோ, மினெர்வா மூவரும் குடியிருந்த கேப்பிட்டோல் கோயிலை முதலில் நினையுங்கள். வோல்டெயஸின் சின்னத் தெனாரியஸில் சிலைகளுக்கு இடமில்லை. அதனால் மூன்று மூடிய கதவுகளை வெட்டி அதே செய்தியைச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு மேலே உள்ள முக்கோண முகப்பு. அதற்குள் இருக்கும் உருவம், நட்சத்திரம், மாலை எதுவாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்டேவியன் காசில் ஜூலியஸ் கோயிலின் முக்கோணத்துக்குள் ஒரு நட்சத்திரம் இருக்கும். சீசர் இறந்த பின் வானில் தெரிந்த வால்நட்சத்திரத்தின் நினைவு அது. கூரை முகட்டில் தேர், கழுகு, நிற்கும் உருவங்கள் வரும். இவை நேரில் இன்று எங்கும் மிஞ்சவில்லை. அங்கேதான் காசு தொல்லியலுக்கே பாடம் சொல்கிறது.

தூண் கணக்கு இப்போது வரட்டும். எண்ணியதைக் குறித்துக்கொண்டு, காசின் அளவோடு சேர்த்துப் படியுங்கள். வீனஸ், ரோமா இருவருக்கும் ஹாட்ரியன் கட்டிய கோயிலுக்கு முகப்பில் பத்துத் தூண். அந்தோனினஸ் பயஸின் பெரிய செஸ்டெர்ஷியஸில் பத்தும் இருக்கும், மெல்லிய குச்சிகள் போல. 307இல் தீப்பிடித்த பின் மாக்சென்டியஸ் அதைப் புதுப்பித்தார். அவர் செம்புக் காசில் உட்கார்ந்த ரோமாவைச் சுற்றி நான்கோ ஆறோ தூண்தான். காசு சிறுத்தால் தூண் குறையும். எண்ணிக்கை கூடுதலாகப் போவது அரிது. ஆகவே காசில் காணும் தூண் எண்ணிக்கையைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கோயில் அல்லாத கட்டடங்களில் வேறொரு சிக்கல்: பார்வைக் கோணம். டைட்டஸ் 80, 81ஆம் ஆண்டுகளில் அடித்த கொலோசியம் செஸ்டெர்ஷியஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரின் வளைவு வரிசைகள் நேராக நின்று பார்ப்பது போல இருக்கும். அதற்கு மேலே உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டம் பொட்டுப் பொட்டாகப் பறவைக் கண்ணில் தெரியும். இரண்டு பார்வையை ஒரே படத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கூம்பாக நிற்பது மெட்டா சூடான்ஸ் என்ற நீரூற்று. அதில் மிஞ்சியிருந்த பகுதியை 1936இல் இடித்துவிட்டார்கள். இந்தக் காசில் வழக்கமான பேரரசர் தலையே இல்லை; மறுபக்கம் குவிந்த ஆயுதங்களுக்கு நடுவே உட்கார்ந்த டைட்டஸ். மேல் மாடி வளைவுகளுக்குள் சிலைகள் நிற்பதாகக் காட்டுவதும் இந்தக் காசுதான்.

நீரோவின் ஒஸ்தியா துறைமுகமும் அப்படியே மேலிருந்து பார்த்த படம்: இருபக்கமும் பிறை போல அணைக்கட்டு, நடுவில் கப்பல்கள், அடியில் துடுப்போடு சாய்ந்து கிடக்கும் நீர்த் தெய்வம். கப்பல்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு மாறும். அதை வைத்துத் துறைமுகத்தின் கொள்ளளவைக் கணக்கிடப் போகாதீர்கள். டிராஜன் தூண் காசிலும் இதே கதை. நிஜத் தூணைச் சுற்றி ஏறும் சிற்பப் பட்டை 23 சுற்று; தெனாரியஸில் சில சுற்றுகளோடு முடித்துவிடுவார்கள். ஆனால் உச்சியைப் பாருங்கள்: இன்று அங்கே நிற்கும் புனித பேதுரு 1587இல் ஏறியவர். டிராஜன் சிலை நின்ற கோலத்தைக் காசில்தான் பார்க்க முடியும்.

ஐந்தாம் படி: கட்டடம் அப்போது நின்றதா என்று கேட்பது

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. காசில் வந்தால் கட்டி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஜூலியஸ் கோயில் காசு கி.மு. 36, கோயில் குடமுழுக்குக் கண்டது கி.மு. 29. ஏழு வருடம் முன்னதாகவே படம் வந்துவிட்டது. வோல்டெயஸ் கேப்பிட்டோல் கோயிலைக் காசில் அடித்த கி.மு. 78இல் அந்தக் கோயில் ஐந்து வருடத்துக்கு முன் எரிந்துபோன இடிபாடு. திரும்பக் கட்டித் திறந்தது கி.மு. 69இல். கி.மு. 19, 18இல் அகஸ்டஸ் வெள்ளிக் காசுகளில் பழிதீர்க்கும் மார்ஸுக்கு ஒரு சின்ன வட்டக் கோயில் வருகிறது, கி.மு. 2இல் திறந்த பெரிய கோயிலோ செவ்வகம். காசை வாக்குறுதி என்று படிப்பதா, சாட்சி என்று படிப்பதா என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நம்மூரில் அடிக்கல் நாட்டும் போதே கட்டடப் படத்தோடு சுவரொட்டி ஒட்டிவிடுவதை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எதிர்த் திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு. போர் நின்று நாடு அமைதியானால் கதவைச் சாத்தும் ஜேனஸ் கோயில் இன்று தடயமே இல்லாமல் போய்விட்டது. நீரோ அந்தக் கதவைச் சாத்தியதைக் கொண்டாடி 60களில் அடித்த காசுகள்தான் அதன் தோற்றத்துக்கு நம்மிடம் உள்ள சிறந்த ஆதாரம். மூடிய இரட்டைக் கதவு, அதன் மேல் தொங்கும் மாலை, பக்கச் சுவர். கதவு சிலவற்றில் வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். சுற்றியுள்ள நீண்ட வாசகம் நிலத்திலும் கடலிலும் அமைதி பிறந்ததால் ஜேனஸை மூடினார் என்கிறது. ஆஸ், துபாண்டியஸ், செஸ்டெர்ஷியஸ் மூன்றிலும் கிடைப்பதால் தேய்ந்த ஆஸ் ஒன்றையாவது வைத்துப் பழகலாம்.

ஆறாம் படி: பட்டியலோடு ஒப்பிடுவது

குடியரசுக் காசுக்கு கிராஃபோர்டு என்ற அறிஞரின் பட்டியல் எண், பேரரசுக் காசுக்கு ஆர்.ஐ.சி. என்ற பட்டியல் நூலின் எண் என்பது உலகம் முழுவதும் புழங்கும் வழக்கம். பேரரசுக் காசுகளுக்கு அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ஓ.சி.ஆர்.இ. என்ற இணையத் தரவுத்தளத்தில் ஆட்சியாளர், காசு வகை, அடித்த ஊர், எழுத்து என்று வடிகட்டித் தேடலாம், கட்டணம் இல்லை. குடியரசுக் காசுகளுக்கு அதே கழகத்தின் சி.ஆர்.ஆர்.ஓ. உண்டு. கட்டடம் என்று தேடத் தொடங்காதீர்கள், நூற்றுக்கணக்கில் வரும். முதல் மூன்று படிகளில் கிடைத்ததை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுருக்கி, கடைசியில் கட்டடத்தைப் போடுங்கள்.

ஒரே ஒரு படத்தோடு ஒப்பிட்டு முடிவு கட்ட வேண்டாம். ஒரே வகைக் காசுக்குப் பல அச்சுகள் உண்டு. குறைந்தது ஐந்தாறு காசுகளின் படங்களைப் பார்த்தால்தான் எது எல்லா அச்சிலும் மாறாமல் வருகிறது, எது வெட்டியவன் விருப்பம் என்று பிடிபடும்.

எழுத்து கிரேக்கமாக இருந்தால் அது கிழக்கு மாகாண நகரங்களின் காசு, தனி உலகம். அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம், நெயாபொலிஸ் நகரின் கெரிசிம் மலைக்கோயிலும் அதற்கு ஏறும் நீண்ட படிகளும், எபேசின் ஆர்டெமிஸ் கோயில் எல்லாம் அங்கே. ரோமக் காசில் ஒரு வருடமாவது பழகிய பிறகு அங்கே போவது நல்லது.

எதில் தொடங்கலாம்

கொலோசியத்தில் தொடங்க ஆசைப்படாதவர் இல்லை. விலையும் போலியும் அதிகம் உள்ள இடமும் அதுவே.

முதல் காசாக கான்ஸ்டன்டைன் காலத்து வாசல் காசு போதும். 324 முதல் 330 வரை பல ஊர்களில் ஏராளமாக அடித்தது, சின்னச் செம்பு. கல் வரிசைகளால் கட்டிய வாசல், மேலே இரண்டு கோபுரம், அவற்றுக்கு நடுவே நட்சத்திரம். இது பாசறை வாயிலா, காவல் கோபுரமா என்று அறிஞர்களிடையே வழக்கு இன்னும் ஓடுகிறது. தரைக்கோட்டுக்குக் கீழே அடித்த ஊரின் சுருக்கம்: எஸ், எம் என்று தொடங்கி ஏ, என், டி வந்தால் அந்தியோக்கியா, கே வந்தால் சிசிகஸ், என் வந்தால் நிக்கோமிடியா. அதன் பின் வரும் எழுத்து பட்டறை எண். முன்பு சொன்ன ஒற்றை எழுத்து, இரட்டை எழுத்துக் கணக்கு இங்கே பயன்படும்: வாசகம் இரட்டை ஜியில் முடிந்தால் அகஸ்டஸ்களுக்கு, இரட்டை எஸ்ஸில் முடிந்தால் சீசர் என்ற இளவரசுப் பட்டம் பெற்ற மகன்களுக்கு. கல் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்; அச்சுக்கு அச்சு மாறுவது கண்முன் தெரியும். ஐந்து காசு வாங்கினால் ஐந்தும் வேறு.

அடுத்ததாக மாக்சென்டியஸின் ரோமா கோயில் காசு. பிறகு 248இல் ரோம் பிறந்த ஆயிரமாண்டு விழாவுக்குப் பேரரசர் ஃபிலிப் அடித்த ஆறு தூண் அந்தோனினியானஸ். முதல் நூற்றாண்டில் ஒன்று வேண்டுமென்றால், தெய்வமான அகஸ்டஸின் பெயரில் டைபீரியஸ் அடித்த பலிபீடக் காசு. நடுவில் கதவுள்ள சதுரப் பீடம், கீழே ப்ரோவிதென்த் என்ற சுருக்கம். அழகில்லைதான், ஆனால் எழுத்து பெரியது, பழகுவதற்கு அருமை.

போலியும் செதுக்கலும்

கட்டடம் இருந்தால் விலை ஏறும்; விலை ஏறினால் போலி வரும். பதினாறாம் நூற்றாண்டிலேயே படுவா நகரத்தில் ஜொவானி தா கவினோ பழைய செஸ்டெர்ஷியஸ்களைப் போலவே அச்சு வெட்டி அடித்தார். அவற்றைப் பார்த்து வார்த்த நகல்கள் இன்றும் சுற்றி வருகின்றன.

வார்ப்புக் காசைப் பிடிக்க விளிம்பைப் பாருங்கள். இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு, அல்லது அந்தக் கோட்டை மறைக்க அரம் போட்ட கீறல் இருக்கும். முகத்தில் ஊசி முனை அளவு குழிகள். எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டியில் பதித்தது போல மழுங்கலாக இருக்கும். அச்சால் அடித்த காசில் உலோகம் ஓடி எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், விளிம்பில் சிறு வெடிப்புகளும் வரலாம். ஒரே கீறல், ஒரே மையவிலகலோடு இரண்டு காசு விற்பனைக்கு வந்தால் இரண்டில் ஒன்றாவது நகல், பெரும்பாலும் இரண்டுமே.

போலியைவிடத் தந்திரமானது செதுக்கு வேலை. காசு அசல், தேய்ந்துபோன கட்டடத்தை யாரோ பிற்காலத்தில் ஊசியால் திரும்ப வெட்டியிருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி இரண்டு பக்கத்தின் தேய்மானத்தை ஒப்பிடுவது. தலைப்பக்கத்தில் முடியிழையே தெரியாமல் வழுக்கையாகிப் போயிருக்க, பின்பக்கத்தில் போதிகை வரை கூர்மையாகத் தூண் நின்றால் சந்தேகப்படுங்கள். கட்டடத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தளம் மற்ற இடத்தைவிடத் தாழ்ந்து, கீறல் திசை கட்டடத்தின் விளிம்போடு ஓடினால் முடிவு உறுதி. இன்னொரு கேடும் உண்டு: செதுக்கியவர் தான் நினைத்ததை வெட்டிவிடுவார். அசலில் இருந்த சிலை தூணாக மாறியிருக்கும். அந்தக் காசை வைத்துத் தூணை எண்ணி என்ன பயன்?

களிம்பும் பாதுகாப்பும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் கை, காசையும் அப்படியே துலக்கத் துடிக்கும். கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. பச்சை, பழுப்பு, கருப்பு என்று கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த களிம்பு காசின் தோல். கட்டடத்தின் நுண்கோடுகள் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அதை உரித்தால் மஞ்சள் உலோகம் மட்டும் மிஞ்சும், விலையும் போகும்.

தோலுக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்து, துடைத்தால் மறுபடியும் கிளம்புவது குளோரைடு நோய். ஈரம் பட்டால் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீரை அடிக்கடி மாற்றி, பிறகு நன்றாக உலர்த்துவது முதல் உதவி. நோய் முற்றியிருந்தால் காப்பு வல்லுநரிடம் கொடுப்பதே சரி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலேயே குளோரின் இருக்கிறது.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அது ஈரம் குடித்துவிட்டால் மாற்ற வேண்டும். மெல்லென்று வளையும் பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துக் காசில் பச்சைப் பிசின் விடும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ஒவ்வொரு காசோடும் எடை, அளவு, படித்த எழுத்து, பட்டியல் எண், வாங்கிய இடம், தேதி எழுதிய சீட்டு இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு

இங்கே கிடைத்த ரோமானியக் காசுகள் ஏராளம். ஆனால் அவற்றில் கட்டடம் தேடினால் ஏமாற்றம்தான். வணிகத்தோடு வந்தவை தங்கமும் வெள்ளியும். வெள்ளியில் பெரும்பகுதி இரண்டே வகை. அகஸ்டஸின் பேரர்கள் கேயஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்பது ஒன்று, டைபீரியஸ் காசில் பெண்ணுருவம் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. கட்டடங்கள் பெரிதாக விரியும் பித்தளைச் செஸ்டெர்ஷியஸ் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றின் தலைமேல் உளிவெட்டு விழுந்திருக்கிறது. அசல் தேய்மானமும் வேண்டுமென்றே போட்ட வெட்டும் எப்படி வேறுபடும் என்று பழகக் கண்ணுக்கு நல்ல பயிற்சி. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுத் தொகுப்பு இருக்கிறது.

சட்டம் தெரியாமல் இறங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியாள் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. மண்ணுக்குள் புதைந்திருந்தது கிடைத்தால், மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஆற்று மணலில் சலித்தது, வயலில் கிடைத்தது என்று கதை சொல்லி விற்க வருகிறவரிடம் வாங்காதீர்கள். அந்தக் கதை உண்மையானால் வாங்குவது சட்டச் சிக்கல். பொய்யானால் காசும் பொய்யாக இருக்கும்.